லேபுக்கு மில்லிங் மெஷின்: எதை வாங்கலாம், எப்போது பொறுத்திருக்கலாம்

ஈரோட்டில் மூன்று டெக்னீஷியன்களோடு பல் லேப் (டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் லேப்) நடத்தும் தம்பி ஒருவர், கம்ப்யூட்டர் டிசைன்படி பல் வெட்டும் மில்லிங் மெஷின் வாங்குவது பற்றிப் போன வாரம் போன் செய்தார். "அண்ணா, மூணு கொட்டேஷன் கையில இருக்கு. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் விலை ரெண்டு மடங்கு வித்தியாசம். மூணு பேருமே தன்னோட மெஷின்தான் சரிப்பட்டு வரும்னு அடிச்சுச் சொல்றாங்க. யாருக்கு அட்வான்ஸ் குடுக்கட்டும்?"

இதே கேள்வியை நாமக்கல்லிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். கோவையில் எங்கள் லேபில் மெழுகு வைத்து மெட்டல் ஊற்றிக்கொண்டிருந்த காலத்திலிருந்து மெஷின் வைத்து ஓட்டும் இன்றுவரை நானும் இதற்குள்ளேயே இருப்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். தம்பியிடம் சொன்னது இதுதான்: "கொட்டேஷன ஓரமா வை. போன மூணு மாசத்துல என்ன மெட்டீரியல், எத்தனை யூனிட், எதெது வெளிய குடுத்த, எத்தனை ரீமேக். இதை எழுதி அனுப்பு. அப்புறம் பேசலாம்." யூனிட் என்றால் ஒரு பல்; ரீமேக் என்றால் சரியில்லாமல் திரும்பி வந்து மறுபடி செய்தது.

மெஷினைப் பற்றி மெஷின் விற்பவரிடம் கேட்பதற்கு முன்னால் உங்கள் கேஸ் நோட்டைக் கேளுங்கள் என்பதுதான் என் கருத்து. அந்த நோட்டில் எதைப் பார்ப்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

### மெட்டீரியல்

பாதி முடிவு இதிலேயே வந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

நாம் வெட்டும் ஜிர்கோனியா (உறுதியான வெள்ளைச் செராமிக்) டிஸ்க் முழுதாகச் சுட்டது கிடையாது. பாதி சுட்ட நிலையில் சாக்பீஸ் மாதிரி இருக்கும். வெட்டியபின் ஃபர்னஸில் 1,500 டிகிரி செல்சியஸ் வாக்கில் சுடும்போது நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். அந்தச் சுருக்கத்தை ஈடுகட்டத்தான் மெஷின் பல்லைக் கால் பங்கு பெரிதாக வெட்டுகிறது. டிஸ்க் மேல் 1.23, 1.25 என்று ஓர் எண் அச்சிட்டிருக்கிறதே, அது இதற்குத்தான்.

இதில் நமக்கு ஒரு சலுகை கிடைக்கிறது. பல் சுருங்கும்போது மெஷின் செய்த பிழையும் சேர்ந்து சுருங்குகிறது. 1 மி.மீ. பர் (வெட்டும் முனை) வெட்டிய பள்ளம் சுட்டபின் 0.8 மி.மீ. ஆகிவிடும். 0.6 மி.மீ. பர் விட்ட தடம் அரை மி.மீ.க்கும் கீழே போய்விடும். மெட்டீரியலும் மென்மை என்பதால் பர்ரைச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்குப் பாரம் குறைவு. நடுத்தர மெஷினில்கூட நல்ல ஜிர்கோனியா கிரவுன் (பல் மேல் மாட்டும் உறை) வருவதற்கு இதுதான் காரணம்.

டைட்டானியத்திலும் கோபால்ட் குரோமிலும் இந்தச் சலுகை கிடையாது. வெட்டிய அளவுதான் கடைசி அளவு. மெஷின் 40 மைக்ரான் தவறினால் அந்த 40 மைக்ரானும் அபட்மென்ட் (இம்பிளான்ட் மேல் பல்லைத் தாங்கும் துண்டு) உட்காரும் இடத்தில் அப்படியே நிற்கும். உலோகம் பர்ரைத் தள்ளும்; மெஷினின் உடல் கனமாக இல்லாவிட்டால் அதிரும். "எங்கள் மெஷின் டைட்டானியமும் வெட்டும்" என்று விற்பவர் சொன்னால், வெட்டிய துண்டைக் கையில் வாங்கிப் பார்க்காமல் நம்ப வேண்டாம். ஜிர்கோனியா நன்றாக வந்தது என்பது இதற்குச் சாட்சி ஆகாது.

லித்தியம் டைசிலிகேட், அதாவது நாம் இமேக்ஸ் என்று பொதுப்பெயராகவே சொல்லும் கண்ணாடி செராமிக், மூன்றாவது வகை. நீல நிறக் கட்டியாக வரும். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே வைரத்துகள் பதித்த பர்ரால் அரைக்க வேண்டும். பிறகு 850 டிகிரி வாக்கில் சுட்டால் பல் நிறம் வரும். இதிலும் சொல்லும்படியான சுருக்கம் கிடையாது. தண்ணீர் இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

பிஎம்எம்ஏ (அக்ரிலிக் பிளாஸ்டிக்), மெழுகு, பீக் (உறுதியான இன்னொரு பிளாஸ்டிக்) ஆகியவற்றை ஜிர்கோனியா வெட்டும் டிரை மெஷினிலேயே, அதாவது தண்ணீர் பாய்ச்சாமல் வெட்டும் மெஷினிலேயே, வெட்டலாம். பிஎம்எம்ஏ தூள் நிலைமின்சாரத்தால் எங்கும் ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுக்கும். மெஷினுக்குள் அயனைசர் இருந்தால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

### எத்தனை யூனிட்

முழு ஜிர்கோனியா கிரவுன் ஒன்றை வெட்ட சராசரியாக 15 நிமிடம் என்று வையுங்கள். 20 யூனிட்டுக்கு 5 மணி நேரம். 98 மி.மீ. டிஸ்க் ஒன்றில் நெருக்கி அடுக்கினால் ஏறக்குறைய அந்த 20 யூனிட்டும் அடங்கிவிடும். சாயங்காலம் டிஸ்க்கைப் போட்டுவிட்டுப் போனால் காலையில் வேலை முடிந்திருக்கும். ஆக, ஒரு நாளைக்கு 20 யூனிட்டுக்குக் கீழே இருக்கும் லேபுக்கு, 6 டிஸ்க் 8 டிஸ்க் தானாக மாற்றிக்கொள்ளும் சேஞ்சர் தேவையே இல்லை. கொட்டேஷனில் விலையை மேலே ஏற்றுபவற்றில் அதுவும் ஒன்று.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஏ1, ஏ2, ஏ3 என ஷேடுக்கு (பல் நிறத்துக்கு) ஒரு டிஸ்க், மல்டிலேயரில் வேறொன்று, தடிமனில் 14, 18, 22 மி.மீ. என்று வைத்திருந்தால், 12 யூனிட்டே இருந்தாலும் நாலு டிஸ்க் மாற்ற வேண்டியிருக்கும். வெள்ளை டிஸ்க்கில் வெட்டி லிக்விட் போட்டு ஷேடு கொண்டுவரும் லேபுக்கு இந்தக் கவலை வராது.

### 4 ஆக்சிஸா, 5 ஆக்சிஸா

ஆக்சிஸ் என்பது மெஷின் எத்தனை விதமாக அசைந்து வெட்டும் என்பது. தனி கிரவுன், கோப்பிங் (கிரவுனின் உள்கூடு), நேராக நிற்கும் பற்கள் மேல் சின்ன பிரிட்ஜ் (சேர்ந்தாற்போல் வரும் பல் வரிசை). இவ்வளவுதான் வேலை என்றால் 4 ஆக்சிஸ் போதும். பல் சாய்ந்திருக்கும் இடத்தில்தான் வித்தியாசம் தெரியும். கீழ் கடைவாய்ப் பல் முன்பக்கம் சாய்ந்து நிற்கும் பிரிட்ஜை 4 ஆக்சிஸில் வெட்டினால் ஏதாவது ஒரு பல்லின் மார்ஜின் (பல்லைத் தொடும் விளிம்பு) ஓரத்தில் வெட்டாத மெட்டீரியல் மிச்சம் நிற்கும். அப்புறம் ஹேண்ட்பீஸ் எடுத்து உட்கார வேண்டியதுதான். சாய்ந்த ஸ்க்ரூ சேனல் (ஸ்க்ரூ போகும் துளை), முழுத் தாடை இம்பிளான்ட் பிரிட்ஜ் ஆகியவற்றை 5 ஆக்சிஸ் இல்லாமல் நினைக்கவே வேண்டாம். 5 ஆக்சிஸிலும் டிஸ்க் எத்தனை டிகிரி சாயும் என்று கேளுங்கள். 20 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் வேலையில் நிறைய தூரம்.

### டிஸ்க்கும் சாஃப்ட்வேரும் யார் கையில்

98 மி.மீ. வட்ட டிஸ்க்தான் திறந்த சந்தையின் அளவு. ஜிர்கோன்சான் தன் மெஷின்களுக்கு 95 மி.மீ. என்றும், அமான் கிர்பாக் செராமில் வரிசைக்கு 71 மி.மீ. என்றும் வேறு அளவுகளில் டிஸ்க் வைத்திருக்கின்றன. மூடிய சிஸ்டம் தப்பு என்று சொல்ல மாட்டேன். டிஸ்க், பர், ஃபர்னஸ், சாஃப்ட்வேர் எல்லாம் ஒரே கை என்றால் பிழை வரும்போது ஒருவரையே கேட்கலாம். ஆளுக்காள் கை காட்டும் வேலை இருக்காது. ஆனால் நம் ஊர் டாக்டர்களுக்கு நாம் வாங்கும் யூனிட் விலையில், டிஸ்க் விலையை நாமே பேரம் பேசும் உரிமை முக்கியம். சிறிய லேபுக்கு நான் திறந்த 98 மி.மீ. பக்கம்தான்.

டிசைனை மெஷின் வெட்டும் பாதையாக மாற்றும் கேம் சாஃப்ட்வேருக்கு ஒரே ஒரு கேள்வி: வருடா வருடம் பணம் கட்ட வேண்டுமா, கட்டாவிட்டால் நின்றுவிடுமா? மில்பாக்ஸ், ஹைப்பர்டென்ட் போன்றவற்றை மெஷினோடு சேர்த்துத் தருகிறார்கள். விஹெச்எஃப் தன் மெஷின்களுக்குத் தானே எழுதிய டென்டல்கேம் தருகிறது. டாங்கில் (சாஃப்ட்வேரைத் திறக்கும் சாவி) விலை கொட்டேஷனுக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

### சர்வீஸ் ஆள் எங்கே இருக்கிறார்

பெங்களூரிலிருந்தோ மும்பையிலிருந்தோ ஆள் வர வேண்டும் என்றால் மெஷின் நிற்கும் நாட்களை இப்போதே எண்ணிவைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிண்டில், பெல்ட், காலெட் (பர்ரைப் பிடிக்கும் பாகம்), சென்சார் ஆகியவை இந்தியாவில் ஸ்டாக் உண்டா என்று கேளுங்கள். "ஏற்பாடு பண்ணிடலாம் சார்" என்ற பதிலை இல்லை என்றே எடுத்துக்கொள்வேன். உங்கள் ஊரிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் அதே மெஷின் வைத்திருக்கும் இரண்டு லேபுகளுக்கு நேரில் போய், கடைசியாக எப்போது நின்றது, எத்தனை நாளில் ஓடியது என்று கேட்டுவிட்டு வாருங்கள். வேறு எந்த விசாரணையும் இதற்கு ஈடாகாது.

## வழி 1: மெஷின் வாங்காமல் மில்லிங் சென்டர்

இதையும் ஒரு வழியாகவே எண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்கேனரும் டிசைன் சாஃப்ட்வேரும் நம்மிடம் இருக்கும். ஃபைலை அனுப்பினால் சென்டர் வெட்டிக் கொடுக்கும். ஸ்பிண்டில் கவலை, பர் கவலை, ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) எதுவும் நமக்கில்லை. மாதம் 40 யூனிட் வந்தாலும் 120 வந்தாலும் வந்ததற்கு மட்டும் பணம்.

இதற்குள்ளேயே ஒரு நடுவழி இருக்கிறது. சுடாத நிலையிலேயே வாங்கிக்கொண்டு, ஷேடு லிக்விடும் சின்டரிங்கும் (ஃபர்னஸில் சுடுவதும்) நம் லேபில் செய்வது. டாக்டர் பார்ப்பதும் குறை சொல்வதும் பெரும்பாலும் ஷேடைத்தான். அதை நம் கையில் வைத்துக்கொண்டு வெட்டுவதை மட்டும் வெளியே விட்டால் போதும். ஒரு ஃபர்னஸ் மட்டும் வாங்க வேண்டியிருக்கும், ஆனால் மெஷின் வாங்கும் நாளில் அதை எப்படியும் வாங்கத்தானே போகிறோம். சுடாத கிரவுன் மார்ஜினில் பொரிந்து உதிர்ந்துவிடும் என்பதால் பஞ்சு வைத்த டப்பாவில் வர வேண்டும். பார்சலில் உடைந்தால் யார் செலவு என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு நாள்தான். ரீமேக் வந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் போகும், டாக்டரோ பேஷன்டை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நமக்குப் போன் செய்வார். இன்னொன்று, சென்டர் எந்த டிஸ்க் போடுகிறது என்பது நம் கண்ணுக்குத் தெரியாது. டிஸ்க்கின் பிராண்டும் பேட்ச் எண்ணும் ஒவ்வொரு கேஸோடும் எழுதி வர வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

யாருக்கு: மாதம் 130, 140 யூனிட்டுக்குக் கீழே இருப்பவர்கள். எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குபவர்கள். டிசைன் இன்னும் கை பழகாதவர்கள்.

## வழி 2: டிரை மட்டும், 5 ஆக்சிஸ்

ஜப்பானின் டிஜிஷேப் டிடபிள்யூஎக்ஸ்-52டி, ஜெர்மனியின் விஹெச்எஃப் கே5 ஆகியவை இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர்கள். சீன, கொரிய மெஷின்களும் நிறைய வந்துவிட்டன. டிடபிள்யூஎக்ஸ்-52டியின் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 30,000 சுற்று, கே5-இல் 60,000 சுற்று. சுற்று அதிகம் என்பதற்காக மட்டும் மார்ஜின் நன்றாக வந்துவிடாது. மென்மையான ஜிர்கோனியாவுக்கு 30,000 சுற்றிலும் அருமையாக வரும். வேகம் கூடும்போது நேரம் மிச்சமாகும், அவ்வளவே.

தமிழ்நாட்டில் 3 முதல் 8 டெக்னீஷியன் உள்ள லேபுக்கு, வாங்குவதென்று முடிவாகிவிட்டால், நான் சொல்வது இதைத்தான். காரணம் ஒரு விஷயத்தில் இருக்கிறது. இமேக்ஸ் வேண்டுமே, அதற்கு வெட் (தண்ணீர் பாய்ச்சி அரைக்கும்) மெஷின் வேண்டுமே என்றுதான் எல்லோரும் தயங்குகிறார்கள். பிரஸ் ஃபர்னஸ் ஏற்கெனவே இருக்கும் லேபுக்கு வெட் மெஷின் தேவையில்லை. டிரை மெஷினில் மெழுகையோ எரிந்து மறையும் பிஎம்எம்ஏவையோ வெட்டி, இன்வெஸ்ட் செய்து (அச்சு மாவில் பதித்து எரித்து), இங்காட் (செராமிக் கட்டி) வைத்துப் பிரஸ் செய்தால் அதே லித்தியம் டைசிலிகேட்தான் வருகிறது. மார்ஜினோ பெரும்பாலும் கட்டியை அரைத்ததைவிட மெல்லியதாக, பொரியாமல் வரும். வைர பர் கண்ணாடியை அரைக்கும்போது மெல்லிய ஓரம் உதிர்வதுபோல் மெழுகில் உதிராது. ஒரு நாள் கூடுதலாகும் என்பது உண்மை. மாதம் பத்துப் பதினைந்து இமேக்ஸ் செய்யும் லேபுக்கு அந்த ஒரு நாள் பெரிய விஷயமில்லை.

மெட்டல் செராமிக் கோப்பிங்கையும் இதேபோலப் பார்க்கலாம். உலோகத் தூளை லேசரால் உருக்கி இணைக்கும் லேசர் சின்டரிங்கில் கோபால்ட் குரோம் கோப்பிங் வெளியே செய்து வாங்கும் பழக்கம் நம் லேபுகளில் ஊறிப்போயிற்று. அதற்கு மில்லிங் மெஷினே வேண்டாம்.

யாருக்கு: கேஸ் நோட்டில் ஜிர்கோனியாவும் பிஎம்எம்ஏவும் முக்கால் பங்குக்கு மேல் இருப்பவர்கள்.

யாருக்கு ஆகாது: அன்றைக்கே இமேக்ஸ் கேட்கும் கிளினிக்குகளுக்கு வேலை செய்பவர்கள்.

## வழி 3: வெட் வேலையும் டிரை வேலையும் ஒரே மெஷினில்

இமெஸ்-ஐகோர் கோரிடெக் 350ஐ, டென்ட்ஸ்ப்ளை சிரோனா இன்லேப் எம்சி எக்ஸ்5, அமான் கிர்பாக் செராமில் மோஷன் 2, ஐவோக்ளார் புரோகிராமில் பிஎம்7, விஹெச்எஃப் எஸ்2 என்று பட்டியல் நீளும். ஒரே இடத்தில், ஒரே சாஃப்ட்வேரில் எல்லா மெட்டீரியலும். கேட்கும்போது இதுதான் சரி என்று தோன்றும். நானும் முதலில் வாங்கியது இந்த வகைதான். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை.

டெமோவில் எனக்கு யாரும் காட்டாதது, வெட் வேலையிலிருந்து டிரை வேலைக்கு மாறும் அந்த இடைவேளை. காலையில் இமேக்ஸ் அரைத்தாயிற்று. மதியம் ஜிர்கோனியா போட வேண்டும். மெஷினின் உள்ளறை முழுக்க ஈரம். அப்படியே போட்டால் ஜிர்கோனியாத் தூள் ஈரத்தோடு சேர்ந்து சிமென்ட் குழம்பாகி, கதவு ஓரத்திலும் பெல்லோஸ் மடிப்பிலும் வாக்குவம் குழாயிலும் இறுகிவிடும். எங்கள் லேபில் ஒரு நாள் அவசரத்தில் அப்படிப் போட்டுவிட்டு, குழாய் அடைத்து, வாக்குவம் இழுக்காமல், 14 யூனிட் டிஸ்க் ஒன்றைத் தூக்கிப் போட்டோம். மெஷினைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஒன்றரை நாள். அதற்குப்பின் ஈரத்தைத் துடைத்து, காற்று அடித்து, காயவைக்க ஒவ்வொரு முறையும் 40 நிமிடம் ஒதுக்கினோம். அந்த 40 நிமிடம் எந்தக் கொட்டேஷனிலும் வராது.

செவ்வாய், வெள்ளி மட்டும் வெட் என்று கிழமை வைத்து ஓட்டினால் இந்த மெஷின்கள் நன்றாகவே உழைக்கும். நாங்கள் பின்னாளில் அப்படித்தான் ஓட்டினோம். மாறாக, தினமும் இரண்டு முறை மாற்ற வேண்டிய லேபுக்கு இது சரிவராது.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் தெருவும் உண்டு, உப்புப் போர் தண்ணீர் மட்டுமே வரும் தெருவும் உண்டு. போர் தண்ணீர் ஊற்றினால் நாசில் துவாரங்களில் உப்புப் படிந்து பர் மேல் தண்ணீர் படாமல் போகும். கட்டி விரிசல் விடும். ஃபில்டர் செய்த தண்ணீர், கம்பெனி சொல்லும் கூலன்ட், குறித்த நாளில் மாற்றுவது என எல்லாமே மாதச் செலவு. கோடையில் டேங்க் நாற ஆரம்பிப்பதற்கு நாள் கணக்கு கொஞ்சம்தான்.

யாருக்கு: இடம் ஒரு மெஷினுக்கு மட்டுமே உள்ளவர்கள், வெட் வேலை வாரத்துக்கு ஓரிரு நாளில் அடங்கிவிடுபவர்கள், பிரீமில் (இணைப்புப் பகுதி முன்கூட்டியே வெட்டி வரும்) டைட்டானியம் அபட்மென்ட் அவ்வப்போது செய்பவர்கள்.

## வழி 4: டிரை ஒன்று, சின்ன வெட் ஒன்று

டிரை 5 ஆக்சிஸை வைத்துக்கொண்டு, அப்புறம் தேவை வந்தபின் டிடபிள்யூஎக்ஸ்-42டபிள்யூ, விஹெச்எஃப் என்4 போன்ற சின்ன வெட் 4 ஆக்சிஸ் ஒன்றைச் சேர்ப்பது. விலை கூட்டிப் பார்த்தால் வழி 3-க்கு அருகில் வரும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும், ஒன்று நின்றாலும் மற்றது ஓடும், இரண்டையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. வளரும் லேபுக்கு எனக்குப் பிடித்த வரிசை இதுதான். முதல் வருடம் டிரை. இமேக்ஸ் மாதம் 40-ஐத் தாண்டினால் வெட்.

## வழி 5: உலோகத்துக்கென்றே கனமான மெஷின்

முழுத் தாடை டைட்டானியம் பார், கோபால்ட் குரோம் டிஸ்க், ஸ்க்ரூ ரீடெய்ன்ட் ஃப்ரேம். இதையே தொழிலாக எடுத்துச் செய்யும் மில்லிங் சென்டருக்கான முதலீடு இது. சாதாரண லேபுக்குத் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: டைட்டானியத் துகள் தீப்பிடிக்கும். ஜிர்கோனியாத் தூள் இழுக்கும் வாக்குவத்தில் அதை இழுக்கவே கூடாது.

## ஒரே பார்வையில்

| | மில்லிங் சென்டர் | டிரை 5 ஆக்சிஸ் | வெட்-டிரை ஒன்றாக | டிரை + சின்ன வெட் |
|---|---|---|---|---|
| ஜிர்கோனியா, பிஎம்எம்ஏ | உண்டு | மிக நன்று | நன்று | மிக நன்று |
| இமேக்ஸ் | உண்டு | மெழுகு வெட்டிப் பிரஸ் | உண்டு | உண்டு |
| டைட்டானியம் அபட்மென்ட் | உண்டு | வெளியே | மெஷினைப் பொறுத்து | வெளியே |
| ரீமேக் வந்தால் | 2, 3 நாள் | மறுநாள் | மறுநாள் | மறுநாள் |
| தினசரிப் பராமரிப்பு | இல்லை | தூள் சுத்தம் | தூள், தண்ணீர், காயவைத்தல் | தூளும் தண்ணீரும் தனித்தனி |
| பழுதானால் | வேறு சென்டர் | சென்டருக்கு அனுப்பலாம் | எல்லாம் நிற்கும் | பாதி ஓடும் |
| பொருந்தும் அளவு | மாதம் 130 வரை | 150-க்கு மேல் | 200-க்கு மேல், வெட் குறைவு | 300-க்கு மேல் |

கடைசி வரிசை எண்கள் என் அனுபவக் கணக்கு. உங்கள் ஊர் யூனிட் விலைக்கு ஏற்ப மாறும். எப்படிக் கணக்கிடுவது என்பதை இனிப் பார்ப்போம்.

## கொட்டேஷனில் இல்லாத செலவுகள்

காற்று. எண்ணெய் கலக்காத, ஈரம் நீக்கிய காற்று வேண்டும். அழுத்தக் காற்று பர்ரைக் குளிர்விப்பதோடு நிற்பதில்லை, ஸ்பிண்டிலுக்குள் தூள் புகாமல் தடுப்பதும் அதுதான். சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும். டிரையர் இல்லாத கம்ப்ரசர் அங்கே ஸ்பிண்டில் பேரிங்கைத் தின்றுவிடும். கிளினிக்கில் கிடக்கும் பழைய கம்ப்ரசரில் குழாய் இழுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்களை ஸ்பிண்டில் மாற்றும் நிலையில் பார்த்திருக்கிறேன்.

தூள். ஜிர்கோனியாத் தூள் மாவைவிட நைசு. வீட்டு வாக்குவம் கிளீனர் அதைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே திருப்பித் தள்ளும். அதைச் சுவாசிப்பது நம் டெக்னீஷியன்கள். ஹெப்பா ஃபில்டரோடு, மெஷின் ஓடும்போது தானாக ஓடும் டஸ்ட் எக்ஸ்ட்ராக்டர் வாங்குங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கவே பார்க்காதீர்கள்.

கரண்ட். மெஷினுக்கு ஆன்லைன் யூபிஎஸ் கட்டாயம். அதைவிடப் பெரிய கவலை ஃபர்னஸ். 8, 10 மணி நேரம் ஓடும் சின்டரிங் நடுவில் கரண்ட் போனால் உள்ளே இருக்கும் 20 யூனிட்டும் சந்தேகத்துக்குரியதாகிவிடும். ஃபர்னஸ் இழுக்கும் கிலோவாட் கணக்குக்கு யூபிஎஸ்ஸோ ஜெனரேட்டரோ எலக்ட்ரீஷியனை வைத்துக் கணக்குப் பார்த்துப் போடுங்கள். இபி இணைப்பின் லோடும் உயர்த்த வேண்டியிருக்கலாம்.

பர். 2 மி.மீ., 1 மி.மீ., 0.6 மி.மீ. மூன்றும் வேண்டும். வைரப் பூச்சுள்ளது விலை கூட, ஆயுளோ பல மடங்கு. ஒவ்வொரு பர்ரும் எத்தனை யூனிட் வெட்டியது என்று சாஃப்ட்வேரே எண்ணும். அந்த எண்ணை மதியுங்கள். மார்ஜின் பொரிகிறது என்று சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டால், பாதி நேரம் தேய்ந்த பர்தான் காரணமாக இருக்கும்.

ஸ்பிண்டில். இதுவும் தேயும் பொருள்தான். எத்தனை மணி நேரத்தில் மாற்றச் சொல்கிறார்கள், என்ன விலை, வாரன்டி வருடக் கணக்கா மணிக் கணக்கா? மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஆள். நெஸ்டிங் போட்டு (டிஸ்க்கில் பற்களை அடுக்கி), பர் மாற்றி, சுத்தம் செய்து, கேலிபரேஷன் பார்க்க ஒருவர் வேண்டும். அவர் விடுப்பு எடுக்கும் நாளுக்கு இன்னொருவர் பழகியிருக்க வேண்டும்.

இப்போது கணக்கு. எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். மெஷின், கம்ப்ரசர், எக்ஸ்ட்ராக்டர், ஃபர்னஸ், யூபிஎஸ், டாங்கில் எல்லாம் சேர்த்து 24 லட்சம் என்று வைப்போம். 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 40,000 ரூபாய். வட்டி, ஏஎம்சி, கரண்ட், ஆள் சம்பளத்தில் ஒரு பங்கு சேர்த்து இன்னும் 35,000. ஆக மாதம் 75,000. சென்டர் ஒரு யூனிட்டுக்கு 900 வாங்குகிறது, நாமே செய்தால் டிஸ்க்கும் பர்ரும் 350 ஆகிறது என்றால், யூனிட்டுக்கு மிச்சம் 550. 75,000-ஐ 550-ஆல் வகுத்தால் 136 யூனிட். மாதம் 25 வேலை நாள் என்றால் நாளுக்கு ஐந்தரை யூனிட்.

மாதம் 100 யூனிட் செய்யும் லேப் இந்தக் கணக்கில் 20,000 ரூபாய் கைநஷ்டம். 250 யூனிட் செய்யும் லேபுக்கு 62,500 மிச்சம். முதல் மூன்று மாதம் ரீமேக் அதிகம் வரும். அந்த மாதங்களை லாபக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள்.

## பழைய மெஷின் வாங்கலாமா

வாங்கலாம், மூன்று நிபந்தனையோடு. ஸ்பிண்டில் ஓடிய மணி நேரத்தை மெஷின் திரையிலேயே காட்ட வேண்டும். சாஃப்ட்வேர் லைசன்ஸ் உங்கள் பெயருக்கு மாறும் என்று கம்பெனி எழுத்தில் சொல்ல வேண்டும். அந்த மாடலுக்கு உதிரி பாகம் இன்னும் வர வேண்டும். இரண்டாவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கோவையில் சிஎன்சி தெரிந்தவர்கள் ஏராளம். பேரிங் மாற்றவோ பெல்ட் போடவோ ஆள் கிடைத்துவிடும். டாங்கில் இல்லாத மெஷினை மட்டும் யாராலும் ஓட்ட முடியாது.

## டெமோவுக்குப் போகும்போது

அவர்கள் வைத்திருக்கும் ஃபைலை ஓட்டவிடாதீர்கள். நீங்கள் செய்து டாக்டர் ஏற்றுக்கொண்ட மூன்று கேஸ்களின் ஃபைலையும் டையையும் (தயார் செய்த பல்லின் மாதிரியையும்) கையோடு கொண்டுபோங்கள். ஒன்று, கீழ் முன்பல் கிரவுன். தயார் செய்த பல்லின் நுனி பர்ரைவிட மெல்லிசாக இருந்தால் சாஃப்ட்வேர் உட்புறத்தைக் கூடுதலாகக் குடைந்துவிடும், கிரவுன் லூசாகிவிடும். எவ்வளவு குடைகிறது என்று பாருங்கள். இரண்டு, சாய்ந்த கடைவாய்ப் பல் உள்ள 4 யூனிட் பிரிட்ஜ். மூன்று, சாய்ந்த ஸ்க்ரூ சேனல் உள்ள இம்பிளான்ட் கிரவுன்.

நீங்கள் வழக்கமாக வாங்கும் டிஸ்க்கிலேயே வெட்டச் சொல்லுங்கள். சுட்டபின் ஹேண்ட்பீஸ் தொடாமல் டை மேல் உட்காருகிறதா என்று லூப் (பூதக்கண்ணாடி) வைத்துப் பாருங்கள். நடுவில் மெஷினை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடருமா என்று கேளுங்கள். கடைசியாக, பக்கத்துப் பேச்சையெல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் ஸ்பிண்டில் சத்தத்தைக் கேளுங்கள். ஒரே சுருதியில் ஓட வேண்டும்.

ஈரோட்டுத் தம்பி மூன்று மாதக் கணக்கை எழுதி அனுப்பினார். சராசரி மாதம் 118 யூனிட். அதில் ஜிர்கோனியா 92, இமேக்ஸ் 11, மீதி மெட்டல் செராமிக். மூன்று கொட்டேஷனையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, இப்போதைக்கு ஃபர்னஸும் அதற்கு யூபிஎஸ்ஸும் மட்டும் வாங்குகிறார். சென்டரிலிருந்து சுடாத யூனிட்டாக எடுத்து, ஷேடு தானே போடப்போகிறார். மூன்று மாதம் தொடர்ந்து 150-ஐத் தாண்டினால் டிரை 5 ஆக்சிஸுக்கு அட்வான்ஸ். கம்ப்ரசருக்கும் டிரையருக்கும் இப்போதே ஜன்னல் ஓரம் ஆறடிக்கு நாலடி இடம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.